கொட்டியாரக் குடாவைச் சுற்றி ஆறு நாள்

முதல் நாள்: வந்து சேரும் வழி

கொழும்பிலிருந்து வருகிறவர்கள் ஹபரணையில் வடகிழக்கே திரும்பி, ஏ6 வீதியில் கந்தளாய், தம்பலகாமம் கடந்து திருகோணமலைக்குள் நுழைவார்கள். மட்டக்களப்புப் பக்கமிருந்து வருகிறவர்களுக்கு ஏ15. வாகரை, வெருகல், மூதூர், கிண்ணியா என்று கொட்டியாரக் குடாவை அரைவட்டமாகச் சுற்றிக்கொண்டு வரலாம். ஒரு காலத்தில் இந்த வழியில் ஆற்றுக்கு ஆறு பாதையில் (வாகனத்தையும் ஆட்களையும் அக்கரை சேர்க்கும் மிதவையில்) ஏறி இறங்க வேண்டியிருந்தது. 2009 இல் கிண்ணியாப் பாலமும் அதன் பின் மற்றப் பாலங்களும் திறக்கப்பட்ட பிறகு நகரத்துக்கும் மூதூருக்கும் இடையே வீதி வழியாகவே ஒரே நாளில் போய்த் திரும்ப முடிகிறது. இந்த ஆறு நாளின் பெரும்பகுதி கிண்ணியாப் பாலத்துக்கு அப்பால்தான் கழியும்.

இந்தக் குறிப்பு, பிள்ளைகளுக்கு ஏதாவது செய்ய வேண்டுமென்று மனம் உந்தி இங்கே வருகிறவர்களுக்காக எழுதப்படுகிறது. சிலருக்கு அந்த எண்ணம் ஆழிப்பேரலை நினைவு நாளான டிசம்பர் 26 இல் வரும். சிலருக்கு அம்மாவின் திவசத்தில், சிலருக்குச் சொந்தப் பிள்ளையின் பிறந்தநாளில். அது மிக நல்ல எண்ணம். ஆனால் மனம் உருகிய வேகத்திலேயே காரியத்தில் இறங்கினால் பெட்டி நிறைய விளையாட்டுப் பொருளும் இரண்டு நாள் அவகாசமும்தான் மிஞ்சுகின்றன.

ஆறு நாளில் ஒரு பிள்ளைக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்க முடியாது. ஒரு பிள்ளையின் மனத்தில் இடம் பிடிக்கலாம், பிறகு அதை விட்டுவிட்டுப் போகலாம். அது உதவியாகாது. ஆறு நாளில் செய்யக்கூடியது வேறு: அந்த ஊரிலேயே இருந்து பிள்ளைகளோடு தொடர்ந்து உட்கார்ந்து வாசிப்பு வகுப்பு நடத்தப்போகிற இரண்டு பேருக்குக் கருவிகளையும் ஒழுங்கையும் கொடுத்துவிட்டு வருவது.

காலநிலை பற்றி ஒரு வார்த்தை. நவம்பர் முதல் ஜனவரி வரை வடகீழ்ப் பருவமழை. மகாவலி கடலில் கலக்கும் இடம் இது, மூதூர்ப் பக்கத்து உள்வீதிகள் நீரில் மூழ்கும். ஜூன் முதல் ஓகஸ்ட் வரை சூடான, வறண்ட கச்சான் காற்று வீசும். மத்தியானத்தில் தகரக் கூரையின் கீழ் இருபது பிள்ளைகளை உட்காரவைக்கவே கூடாது. பாடசாலைத் தவணை நாட்கள் அண்மைய ஆண்டுகளில் அடிக்கடி மாறியிருக்கின்றன. ரமழானில் முஸ்லிம் பாடசாலைகளுக்குத் தனி விடுமுறை உண்டு. பயணச்சீட்டு எடுப்பதற்கு முன் இரண்டையும் கேட்டுவிடுங்கள்.

இரண்டாம் நாள்: கந்தோர்கள்

இன்று நகரத்திலேயே. பலரும் இந்த நாளை வீண் என்று நினைத்து நேரே சிறுவர் இல்லத்துக்கோ கிராமத்துக்கோ போய்விடுகிறார்கள். பிறகு யாராவது ஒருவர் "நீங்கள் ஆர், ஆரைக் கேட்டு வந்தனீங்கள்?" என்று கேட்கும்போது பதில் இருக்காது. கேட்பது அவர்களுடைய கடமை.

போகவேண்டிய ஒழுங்கு இது. முதலில், வேலை செய்யப்போகும் பகுதியின் பிரதேச செயலகம். மாவட்டத்தில் இப்படி 11 பிரிவுகள் உண்டு. அங்கே சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைச் சந்திக்க வேண்டும். எந்தக் கிராமத்தில் பிள்ளைகள் பாடசாலையை விட்டு இடைவிலகுகிறார்கள், எங்கே ஏற்கனவே மூன்று அமைப்புகள் ஒரே வேலையைச் செய்கின்றன என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அடுத்தது, மாகாண நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்புத் திணைக்களம். இல்லமொன்றுக்கு உதவ நினைத்தால், அது பதிவுசெய்யப்பட்டதா என்பதை இங்கேதான் கேட்க வேண்டும். சிறுவர் இல்லங்களின் பதிவு 1941 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்க அநாதை இல்லங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறது. பதிவில்லாத இடத்துக்கு எவ்வளவு உருக்கமான கடிதம் வந்தாலும் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். பாடசாலைக் கட்டடத்தைப் பயன்படுத்துவதானால் வலயக் கல்வி அலுவலகத்தின் அனுமதியும் வேண்டும். அதிபர் வாயால் சொன்ன சம்மதம், அவர் இடமாற்றம் பெற்றுப் போகிற நாளோடு முடிந்துவிடும்.

கையில் இருக்கவேண்டியவை: அடையாள அட்டைப் பிரதி, உங்கள் ஊர்க் கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ், பொலிஸ் நற்சான்று, ஒரு பக்கக் கடிதம். கடிதத்தில் யார், எத்தனை பேர், எந்த ஊர், எந்த வயதுப் பிள்ளைகள், எத்தனை மாதம், நீங்கள் போன பிறகு யார் பொறுப்பு என்ற ஆறும் இருந்தால் போதும். கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாத கடிதத்தை எடுத்துக்கொண்டு போகவே வேண்டாம். வெளிக்கள உத்தியோகத்தர்கள் எல்லா நாளும் கந்தோரில் இருக்கமாட்டார்கள். முதல்நாளே தொலைபேசியில் கேட்காமல் போனால் அரைநாள் வாங்கில் உட்கார்ந்திருக்க நேரிடும்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வருகிறவர்கள் கவனிக்க: சுற்றுலா அனுமதியில் சம்பளமில்லாத வேலைக்கும் இடமில்லை. பொருள் வாங்கிக் கொடுப்பது வேறு, வகுப்பெடுப்பது வேறு. வந்த பிறகு யோசிக்கிற விடயமல்ல இது.

1929 என்ற இலக்கத்தைத் தொலைபேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். 1998 ஆம் ஆண்டின் 50 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் அழைப்பு எண் அது. ஒரு பிள்ளை உங்களிடம் எதையாவது சொல்லிவிட்டால், துருவித் துருவிக் கேட்காமல், பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே எழுதி, அன்றைக்கே இந்த எண்ணுக்கோ உத்தியோகத்தருக்கோ அறிவியுங்கள். "ஒருவரிடமும் சொல்லமாட்டேன்" என்று பிள்ளைக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். காப்பாற்ற முடியாத வாக்கு அது.

மூன்றாம் நாள்: இல்லத்தில் ஒரு காலை

சிறுவர் இல்லத்தில் இருக்கும் பிள்ளைகள் எல்லாரும் அநாதைகள் என்பது பரவலான நினைப்பு. பெரும்பாலானவர்களுக்குத் தாயோ தகப்பனோ இருவருமோ உயிரோடு இருக்கிறார்கள். வறுமை, தாய் வளைகுடா நாட்டில் வேலை, குடும்பம் பிரிந்தது, கிட்டிய தூரத்தில் பாடசாலை இல்லாதது இவற்றால் வந்து சேர்ந்த பிள்ளைகள். இதைத் தெரிந்துகொண்டால் கேட்கிற கேள்வி மாறும். "இல்லத்துக்கு என்ன வேண்டும்?" என்று கேட்க வந்தவர், "இந்தப் பிள்ளை வீட்டுக்குப் போக என்ன வேண்டும்?" என்று கேட்பார். தாய் மாதம் ஒருமுறை வந்து பார்க்க பஸ் காசில்லை என்றால், பன்னிரண்டு மாதத்துக்கு அந்தக் காசைக் கொடுப்பது ஒரு பெரிய கேக்கைவிட எவ்வளவோ மேல். அதை இல்லப் பொறுப்பாளர் மூலமும் நன்னடத்தை உத்தியோகத்தர் அறியவும் செய்ய வேண்டும்.

பிறந்தநாள் சாப்பாடு பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேர் ஒரே நேரத்தில் புரியாணி கொண்டுவருவார்கள். செவ்வாய்க்கிழமை பருப்பு மட்டும் இருக்கும். முன்பின் தெரியாத ஒருவரைச் சுற்றி நின்று கை தட்டிப் பாடும் வேலை ஒவ்வொரு வாரமும் பிள்ளைகளுக்கு. சாப்பாடு கொடுக்க விரும்பினால் பொறுப்பாளரிடம் மாத நாட்காட்டியைக் கேட்டு, யாரும் எழுதாத நாளில் உலர் பொருளாகக் கொடுங்கள். 30 பிள்ளைகளின் ஒரு மத்தியானத்துக்கு 4 கிலோ அரிசியும் 1 கிலோ பருப்பும் அளவாக இருக்கும். அவர்களுடைய சமையலறையில், அவர்கள் வழக்கமாகச் சாப்பிடுகிற நேரத்தில் சமைத்தால் போதும். நீங்கள் அங்கே நிற்க வேண்டியதில்லை.

யாரும் கொண்டுவராத பொருட்கள்தான் மிகத் தேவையானவை. பெண்பிள்ளைகளின் மாதவிடாய்த் துவாய்களை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துத் துவாய் உள்ள பைக்கற் ஒருவருக்கு மாதம் இரண்டு. பன்னிரண்டு பெண்பிள்ளைகளுக்கு மாதம் 24, வருடத்துக்கு 288. இவற்றை ஒரே தரத்தில் வாங்கிக் குவித்தால் மழைக்காலத்து ஈரத்தில் பழுதாகும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடைக்காரரே கொண்டுபோய்க் கொடுக்கும்படி ஒழுங்கு செய்யலாம். சவர்க்காரம், பற்பசை, உள்ளாடை, மின்சாரக் கட்டணம் எல்லாம் இப்படித்தான். படம் எடுக்க அழகாக இல்லாதவை.

சிரங்கு வந்தால் நடக்கிற தவறு ஒன்று உண்டு. சொறிகிற பிள்ளைக்கு மட்டும் மருந்து வாங்கிக் கொடுப்பார்கள். இரண்டு வாரத்தில் திரும்பி வரும். ஒரே கூரையின் கீழ் படுக்கிற எல்லாருக்கும், பராமரிப்பவர்களுக்கும் சேர்த்து, ஒரே இரவில் மருந்து பூச வேண்டும். அன்றைக்கே பாய், போர்வை, உடுப்பு எல்லாவற்றையும் வெந்நீரில் அலசி வெயிலில் போட வேண்டும். எந்த மருந்து, எத்தனை தடவை என்பதைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். உங்கள் பங்கு, எல்லாருக்கும் காணும் அளவில் மருந்தும் சவர்க்காரமும் ஒரே நாளில் கிடைக்கச் செய்வது.

வாசலில் நுழைந்தவுடன் ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொள்கிற சின்னப் பிள்ளையைப் பார்த்து மனம் நெகிழாதவர் இல்லை. ஆனால் அறியாத ஆள் எவரிடமும் உடனே ஒட்டிக்கொள்வது, நெருங்கியவர்கள் திரும்பத் திரும்ப விட்டுப்போனதன் அடையாளமாகவும் இருக்கலாம். "அக்கா, நாளைக்கும் வருவீங்களோ?" என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். நாளைக்கு வரமாட்டீர்கள் என்றால் வரமாட்டேன் என்றே சொல்ல வேண்டும். பிள்ளையோடு தனியறையில் இருக்காதீர்கள், எப்போதும் இன்னொரு பெரியவர் பார்வையில் இருக்கட்டும். தனிப்பட்ட பரிசு, தொலைபேசி எண், முகம் தெரியும் படம் மூன்றும் கூடாது. பாடசாலைச் சின்னம் பதிந்த சட்டையோடு முதுகுப் பக்கம் எடுத்த படமும் பிள்ளையைக் காட்டிக்கொடுக்கும். 2019 இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை, அநாதை இல்லங்களைச் சுற்றி வளர்ந்த தொண்டுச் சுற்றுலாவால் பிள்ளைகளுக்கு வரும் தீங்கைத் தடுக்கும்படி நாடுகளைக் கேட்டுக்கொண்டது. காரணம் இதே வாசலில் நின்றால் விளங்கும்.

நான்காம் நாள்: கிண்ணியா, மூதூர்

காலை 7 மணிக்கே பாலத்தைக் கடந்துவிடுவது நல்லது. வெயில் ஏறினால் நீர்ப்பரப்பிலிருந்து அடிக்கும் ஒளியில் கண் கூசும்.

மூதூருக்குள் தொண்டு வேலைக்கு வருகிறவர் அறிந்திருக்கவேண்டிய ஒன்று: 2006 ஓகஸ்டில், பட்டினிக்கு எதிரான சர்வதேச அமைப்பொன்றில் வேலை செய்த உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர் இங்கே அவர்களுடைய அலுவலக வளவுக்குள் கொல்லப்பட்டார்கள். ஆழிப்பேரலைக்குப் பிந்திய நிவாரண வேலைக்கு வந்த இளம் பிள்ளைகள் அவர்கள். தொண்டு என்ற சொல்லுக்கு இந்த ஊர் கொடுத்த விலை அது. அதே ஆண்டு போரால் மூதூர் கிழக்கும் சம்பூரும் இடம்பெயர்ந்தன. சம்பூர் மக்களில் பலர் 2015 க்குப் பிறகுதான் சொந்தக் காணிக்குத் திரும்பினார்கள்.

இது வாசிப்பு வகுப்போடு நேரே தொடர்புடையது. இன்று ஐந்தாம் ஆண்டில் இருக்கும் பிள்ளையின் தாய் அன்றைக்குப் பாடசாலை மாணவி. முகாமிலும் மரநிழலிலும் அவளுடைய படிப்பு அறுந்து அறுந்து போனது. "வீட்டில் அம்மாவோடு சேர்ந்து வாசி" என்று கொடுக்கும் வீட்டுவேலை, அந்தத் தாயைப் பிள்ளைக்கு முன்னால் தலைகுனிய வைக்கும். அதனால் வாசிப்பு முழுவதும் வகுப்பு நேரத்துக்குள் முடிய வேண்டும். தாய்மார் விரும்பினால் வகுப்பில் வந்து உட்காரலாம் என்று வாசலைத் திறந்து வையுங்கள். வருகிறார்கள்.

முதல் வேலை, எந்தப் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று பார்ப்பது. வகுப்பு எண்ணை நம்பவேண்டாம். இந்தியாவில் பிரதம் என்ற அமைப்பின் முயற்சியில் 2005 முதல் வீடு வீடாகச் சென்று நடத்தப்படும் 'அசர்' ஆய்வின் முறை இதற்கு நன்றாக உதவுகிறது. நான்கு தாள்: எழுத்து, சொல், நான்கு வரிப் பந்தி, எட்டுப் பத்து வரிக் கதை. பந்தியில் தொடங்குங்கள். தடுமாற்றமில்லாமல், மூன்று பிழைக்கு மேல் விடாமல் வாசித்தால் கதைத் தாள். முடியாவிட்டால் சொற்கள், ஐந்தில் நான்கு சரியாக வர வேண்டும். அதுவும் முடியாவிட்டால் எழுத்து, அதே கணக்கு. ஒரு பிள்ளைக்கு ஐந்து நிமிடம். இரண்டு பேர் இருந்தால் 20 பிள்ளைகளை ஒரு மணித்தியாலத்தில் பார்த்துவிடலாம். மற்றப் பிள்ளைகளின் காதுக்கு எட்டாத வேப்பமர நிழலில் வைத்துப் பாருங்கள். பத்தாவது பிள்ளை வருவதற்குள் பந்தி மனப்பாடமாகிவிடும், அதனால் இரண்டு மாற்றுப் பந்திகளும் தேவை. சோதனை என்ற சொல்லை வாயில் எடுக்காதீர்கள்.

சொற்களைப் பிள்ளையின் சூழலிலிருந்து எடுங்கள். கரையோரத்தில் வலை, தோணி, இறால். வயல் பக்கம் வரம்பு, மாடு, குளம். கிண்ணியாவில் உம்மா, வாப்பா. இந்தியாவில் அச்சான கதைப் புத்தகத்தில் 'காலணி' என்று வரும். 'சப்பாத்து' என்று மட்டும் அறிந்த பிள்ளை அந்த இடத்தில் நின்றுவிடும். அது வாசிப்புப் பிழை அல்ல.

அடிக்கடி காணும் பிழைகள் மூன்று. கொம்பு (ெ) எழுத்தில் முன்னே வந்து ஒலியில் பின்னே வருவதால் 'கொடி'யை 'கெடி' என்று வாசிப்பது. புள்ளியைக் கவனிக்காமல் 'பட்டம்' என்பதை 'படடம' என்று எழுத்தெழுத்தாக உடைப்பது. ணகர னகரமும் லகர ளகர ழகரமும் மயங்குவது. மூன்றாவதுக்கு அவசரமில்லை, பேச்சிலேயே பலருக்கு அந்த வேறுபாடு இல்லை. முதல் இரண்டையும் தீர்த்தால் பிள்ளை பந்திக்கு ஏறிவிடும்.

ஒரு பிள்ளை கரும்பலகையைப் பார்க்காமல் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்தே எழுதினால் வாசிப்பைச் சோதிப்பதற்கு முன் கண்ணைச் சோதிக்க வேண்டும். பாடசாலை மருத்துவப் பரிசோதனைக்குப் பெயர் கொடுக்கும்படி அதிபரிடம் சொல்லுங்கள்.

ஐந்தாம் நாள்: சிலேற்றும் அட்டையும்

இன்றைக்கு முழுவதும் கைவேலை. ஊரில் வகுப்பெடுக்கப்போகிறவர்களும் கூட இருந்தே செய்ய வேண்டும். உடைந்தால் அவர்களே திருத்துவார்கள்.

8 அடிக்கு 4 அடி ஒட்டுப்பலகை ஒன்றில் ஓர் அடிச் சதுரச் சிலேற்றுகள் 32 கிடைக்கும். வாள் தின்னும் தூளுக்காக ஒவ்வொன்றும் ஓர் அடிக்கு மயிரிழை குறையும், பரவாயில்லை. விளிம்பை உப்புத்தாளால் தேய்க்காமல் விட்டால் கையில் சிராய் ஏறும். கரும்பலகைப் பூச்சை இரண்டு தடவை, இரண்டு பக்கமும் பூச வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பூசினால் ஈரக்காற்றுக்கு அப்பளம்போல வளைந்துவிடும். ஒவ்வொரு பூச்சுக்கும் ஒரு நாள் காயவிடுங்கள். ஆகவே பூச்சு வேலையை இரண்டு நாள் முன்பே தச்சுக் கடையில் கொடுத்துவிட்டால் இன்று கைக்கு வரும். எழுதத் தொடங்குமுன் சோக்கைப் படுக்கவைத்துப் பலகை முழுவதும் தேய்த்துத் துடைத்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் விட்டால் முதல் நாள் எழுதிய எழுத்தின் தடம் பலகையை விட்டுப் போகாது.

கொம்புக்கான கருவி எளியது. உள்ளங்கை அளவு அட்டையில் க, த, ப, ம என்று அகர உயிர்மெய் வரிசை. தனித்தனிக் கீற்றுகளில் கொம்பும் அரவும் (ா). 'கொ' வேண்டுமென்றால் பிள்ளை 'க'வை நடுவில் வைத்து, இரண்டு கீற்றையும் இரு பக்கமும் வைத்து, விரலால் மூன்றையும் ஒரே இழுப்பில் தடவி 'கொ' என்று சொல்ல வேண்டும். ஒவ்வொன்றாகச் சொல்லவிடாதீர்கள், அங்கேதான் 'கெடி' பிறக்கிறது.

வாசிப்புத் தாள்களின் மூலப் பிரதியைப் பத்திரமாக வையுங்கள். நகலின் நகலை எடுக்கும்போது முதலில் காணாமற்போவது மெய்யெழுத்தின் புள்ளி. அட்டைகளை மினுங்கும் உறையில் இட்டால் மின்குமிழ் வெளிச்சத்தில் பாதிப் பிள்ளைகளுக்கு எழுத்துத் தெரியாது. மங்கலான உறை நல்லது.

வகுப்பு 90 நிமிடம், வாரம் நான்கு நாள். முதல் 10 நிமிடம் ஆசிரியர் கதை வாசிப்பார், பிள்ளைகள் கேட்பார்கள். அடுத்த 30 நிமிடம் படிவாரிக் குழுக்கள். 20 நிமிடம் சிலேற்று. 20 நிமிடம் இரண்டிரண்டு பேராகப் புத்தகம். கடைசி 10 நிமிடம் மறுபடியும் கதை. அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தை நேரம் போதாதென்று வெட்டுகிற பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. வெட்டாதீர்கள், பிள்ளைகள் மறுநாள் வருவது அதற்காகத்தான்.

நேரத்தை ஊர்தான் முடிவு செய்ய வேண்டும். கிண்ணியாவில் குர்ஆன் மத்ரஸா முடிந்து, மஃரிபு என்ற அந்தித் தொழுகைக்கு முன். காட்டோரக் கிராமங்களில் யானை இறங்குகிற நேரத்துக்கு வெகு முன்னரே பிள்ளைகள் வீட்டில் இருக்க வேண்டும்.

வகுப்பெடுப்பவர் எப்போதும் இருவராக இருக்கட்டும். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு இருக்கிற பிள்ளைகள் நன்றாகச் செய்வார்கள். ஆனால் பல்கலைக்கழகமோ வேலையோ கலியாணமோ வந்தால் போய்விடுவார்கள், போகத்தான் வேண்டும். ஒருவரே நடத்தும் வகுப்பு அன்றைக்கே மூடப்படும். இருவருக்கும் மாதக் கொடுப்பனவு உண்டு என்பதை முதல் நாளே எழுதிக் கொடுங்கள். உள்ளூர்ப் பெண்ணின் நேரத்தை இலவசமாக எதிர்பார்ப்பது நியாயமில்லை.

ஆறாம் நாள்: சப்பாத்து, கணக்கு, கையளிப்பு

சப்பாத்து வாங்குவதென்றால் அளவு எண்ணைக் கேட்டு எழுதாதீர்கள், அது கடைக்குக் கடை மாறும். பின்னேரத்தில், நின்றபடி, இரண்டு பாதத்தையும் தாளில் வரைந்து பெரிய பாதத்தின் நீளத்துக்கு மட்டை வெட்டுங்கள். பென்சில் நேராக நிற்க வேண்டும், சரிந்தால் அரைச் சென்ரிமீற்றர் பிழைக்கும். மட்டையின் நீளத்தோடு ஒரு சென்ரிமீற்றர் கூட்டி வாங்குங்கள். மட்டையில் பெயர் வேண்டாம், இலக்கம் போதும். வகுப்பில் இருக்கிற எல்லாருக்கும் ஒரே நிறம், ஒரே வகை. கொடுக்கிற வேலையை மேடை போட்டுச் செய்யாமல் வகுப்பு ஆசிரியரிடம் விட்டுவிடுங்கள்.

பணம் இரண்டு கையொப்பமுள்ள கணக்கில், உள்ளூர்ச் சங்கத்தின் பெயரில் இருக்க வேண்டும். மாதக் கணக்கை வகுப்புச் சுவரில் ஒட்ட வேண்டும். கொடுப்பனவு, சோக்கு, புத்தகம், போக்குவரத்து என்று நாலு வரி போதும். குறைந்தது பன்னிரண்டு மாதப் பணம் கையில் இல்லாமல் ஒரு வகுப்பையும் தொடங்கவேண்டாம்.

இன்று கையளிக்க வேண்டியவை: சிலேற்று 32, கொம்பு அட்டைத் தொகுதி 5, கதைப் புத்தகம் 40, இரவல் பதிவுக் கொப்பி, வரவுக் கொப்பி, பிள்ளைகளின் வாசிப்புப் படியை எழுதிய ஒரே ஒரு தாள். அந்தத் தாள் ஆசிரியர்களிடம் மட்டும் இருக்கட்டும், சுவரில் ஒட்டவேண்டாம். எட்டாம் வாரம் பிள்ளைகளை மறுபடி பார்ப்பதற்கான புதிய பந்திகள் இப்போதே ஒட்டிய உறையில் இருக்க வேண்டும். உறையின் மேல் திறக்கவேண்டிய திகதியை ஆசிரியர்கள் இருவரும் தங்கள் கையால் எழுதிக்கொள்கிறார்கள்.